வானம் தெளியும் மாதத்தில் கொல்லை வெறுமை: தருமபுரியின் நில மாற்றத்தை மேலிருந்து படித்தல்

தருமபுரி மாவட்டத்துக்கான செயற்கைக்கோள் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபடும். மேகமில்லாத நல்ல படங்கள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கிடைக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழையின் மேகம் வந்து மூடும். அது விலகுமுன் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் வந்துவிடும். இந்த மாவட்டத்து மானாவாரி உழவரோ ஆடியை ஒட்டிச் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார். சாமை புரட்டாசி, ஐப்பசியில் வீடு வந்து சேரும்; கேழ்வரகு கார்த்திகை, மார்கழியில். பின்பட்டத்தில் தூவிய கொள்ளும் தை, மாசியோடு முடிந்துவிடும். ஆக, கேமராவுக்கு வானம் திறக்கும் நேரத்தில் கொல்லை மொட்டையாகக் கிடக்கிறது. காடும் அப்படித்தான். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இலையுதிர்க் காடும் முட்புதர்க் காடும். மாசி, பங்குனியில் அவை இலையை உதிர்த்துவிட்டுப் பழுப்பாக நிற்கும். கூடவே காட்டுத் தீயின் கரும்புள்ளிகள்.

தருமபுரியின் நிலப்பயன்பாட்டு மாற்றத்தைப் படிப்பதில் உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த நாட்காட்டியிலிருந்து பிறக்கின்றன என்பது என் எண்ணம். படம் எவ்வளவு கூர்மை, எந்த மென்பொருளில் வகைப்படுத்தினார்கள் என்பதெல்லாம் இரண்டாவது கேள்விகள். எந்த ஆண்டு, எந்த மாதம் எடுத்த படம், அதற்கு முந்தைய பருவத்தில் எவ்வளவு மழை பெய்தது என்பதுதான் முதல் கேள்வி.

நிலத்தை அளந்து தாளில் ஏற்றும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து, இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதன் நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு உதவியாக வந்த இளம் ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இந்தப் பகுதியில் இருந்தார். சங்கிலி பிடித்து வயல் வயலாக அளந்து, நன்செய், புன்செய், தோட்டம் என்று பிரித்து, மண்ணின் தரம் பார்த்துத் தீர்வை போட்டார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தில் பரவிய ரயத்துவாரி முறைக்கு வித்து இங்கேதான் விழுந்தது. இந்தியாவின் எத்தனையோ மாவட்டங்களில் நிலத்தைப் பற்றிய பழைய கணக்கு என்று கையில் எதுவும் இருக்காது. தருமபுரிக்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு இருக்கிறது. ஆனால் அது வரி வாங்குவதற்காக எழுதிய கணக்கு. வரி தராத நிலம் அதில் ஓரமாகத்தான் நிற்கிறது. மேய்ச்சல் நிலத்துக்கு இன்றைய வரைபடங்களிலும் சரியான இடம் கிடைக்காததன் தொடக்கம் அதுதான்.

புள்ளிவிவரங்களை வைத்து மட்டும் இந்த மாவட்டத்தின் மாற்றத்தைப் படிக்க முயல்பவர் இன்னொரு இடத்தில் தடுக்கி விழுவார். 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதி. எனவே 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் கையேடும், 1918இல் வந்த ரிச்சர்ட்ஸின் கெசட்டியரும் சேலத்தோடு சேர்த்தே பேசுகின்றன. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது பழைய தருமபுரியின் பரப்பில் பாதிக்கும் மேல் அங்கே போயிற்று. மாந்தோப்புகளில் பெரும்பங்கும் போயிற்று. 1991ஆம் ஆண்டுக் கணக்கையும் 2011ஆம் ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘தருமபுரியில் மா சாகுபடி சரிந்தது’ என்று யாராவது எழுதினால், அவர் கண்டுபிடித்தது ஓர் அரசாணையை. செயற்கைக்கோளுக்கு இந்த எல்லைகள் தெரியாது. இன்றைய 4,497 சதுர கிலோமீட்டரை 1973இன் படத்திலும் அப்படியே வெட்டி எடுக்கலாம். தொலையுணர்வின் மிகப் பெரிய பயன்களில் இதுவும் ஒன்று. ஆய்வாளர்கள் இதை ஏனோ பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் இந்த மாவட்டம் கொஞ்சம் வம்பு பிடித்தது. 12 பாகை வடக்கு அட்சக்கோடும் 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் மாவட்டத்துக்குள்ளேயே, பென்னாகரத்துக்குத் தென்கிழக்கே விழுகிறது. அதனால் 57 எச், 57 எல், 58 இ, 58 ஐ என்று நான்கு பெருந்தாள்களின் மூலைகளை ஒட்டினால்தான் மாவட்டம் முழுசாகும். பழைய தாள்களைப் பொறுமையாகப் பார்த்தால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கைவிடப்பட்ட மொரப்பூர்–தருமபுரி குறுகிய ரயில்பாதையின் தடம் தெரியும். இப்போது பெயரளவில் மட்டும் இருக்கிற ஏரிகளின் முழுக் கரையும் தெரியும். செயற்கைக்கோள் தொடர் தொடங்குமுன் நிலம் எப்படி இருந்தது என்பதற்கு இந்தத் தாள்களே சாட்சி. இன்னொரு சாட்சியும் உண்டு. 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 1995இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. பிற்காலத்து எத்தனையோ வண்ணப் படங்களைவிட அவை கூர்மையானவை. ஏரிக்கரையும் கிணற்று மேடும் தெரியும் அளவுக்கு விவரம் உள்ளவை.

கூர்மையை மீட்டரில் சொன்னால் நம் ஆட்களுக்கு மனதில் பதியாது. சென்ட் கணக்கில் சொல்லிப் பார்க்கலாம். 1972 ஜூலையில் ஏவிய முதல் லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் ஏறக்குறைய 80 மீட்டர் சதுரம், அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி நிலவுடைமை 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், ஏறத்தாழ 1.85 ஏக்கர். ஒரு குடும்பத்தின் கேழ்வரகு, அவரை, களம், கிணறு, நாலு புளியமரம் எல்லாம் சேர்ந்து அந்தப் படத்தில் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. 1984இல் வந்த லேண்ட்சாட் 5இன் பிக்சல் 30 மீட்டர். அது 22 சென்ட். சோதனை நிலையைத் தாண்டி முழுப் பயன்பாட்டுக்கு வந்த இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து புறப்பட்டது. பின்னர் வந்த ஐ.ஆர்.எஸ். 1சியும் ரிசோர்ஸ்சாட் வரிசையும் ஏந்திய லிஸ் 3 கருவியின் பிக்சல் 23.5 மீட்டர், கிட்டத்தட்ட 13½ சென்ட். ஐரோப்பியர்களின் சென்டினல் 2, 2015 முதல் 10 மீட்டர் பிக்சலில் தருகிறது, இரண்டரை சென்ட். லிஸ் 4இல் ஒரு சென்ட்டுக்கும் குறைவு.

2008இல் லேண்ட்சாட் காப்பகம் முழுவதையும் அமெரிக்கா இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்குமுன் ஒரு படம் வாங்கவே பல்கலைக்கழகத் துறைகள் நிதிக்கு அலைய வேண்டியிருந்தது. ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் 2009இல் புவன் தளத்தைத் தொடங்கியது. 2005–06, 2011–12, 2015–16 ஆண்டுகளுக்கு 1:50,000 அளவில் நாடு முழுவதற்குமான நிலப்பயன்பாட்டு வரைபடங்களையும் அந்த மையம் தயாரித்தது. 1982இலேயே தொலையுணர்வுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் என்று மாநிலத்துக்குள்ளும் இந்தத் துறைக்குப் பழைய மரபு உண்டு. திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத் தாவரவியலாளர்கள் 2003இல் தருமபுரிக்குத் தெற்கே அண்டை மலையான சேர்வராயனின் தாவரப் போர்வையை மலைச்சரிவோடு பொருத்தி வரைபடமாக்கி ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அது நல்ல வேலை. மரங்களை நேரில் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் படத்தைப் படித்தார்கள்.

அப்படி அமையாத ஆய்வுகள்தான் அதிகம். ஒரு மாதிரி உருவாகிவிட்டது: இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, கணினியில் ஐந்தாறு வகைகளாகப் பிரித்து, ஒரு துல்லிய எண்ணைப் போட்டு, ‘கட்டடப் பரப்பு கூடியது, நீர்நிலை குறைந்தது, தரிசு கூடியது’ என்று முடிப்பது. 1976இல் ஜேம்ஸ் ஆண்டர்சனும் கூட்டாளிகளும் அமெரிக்க நில அளவைத் துறைக்காக எழுதிய வகைப்பாட்டு முறையில் துல்லியம் 85 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்றார்கள். இன்றும் பலருக்கு அதுவே தேர்ச்சி மதிப்பெண். ஆனால் மாற்றத்தைக் கணக்கிடும்போது இரண்டு வரைபடங்களின் பிழைகளும் கைகோத்துக்கொள்ளும். தனித்தனியே 85 விழுக்காடு சரியான இரண்டு வரைபடங்களில், பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால், இரண்டிலும் சரியாக இருக்கும் இடம் 72 விழுக்காடுதான். மிச்சம் 28 விழுக்காட்டில் பிழை தன்னை மாற்றம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இருபது ஆண்டுகளில் ஒரு கிராமப்புற மாவட்டம் உண்மையிலேயே அவ்வளவு மாறுவதில்லை. துல்லியத்துக்குச் சான்றாக எல்லோரும் எழுதும் கப்பா எண்ணைக் கைவிடலாம் என்று 2011இல் பொன்டியஸ், மில்லோன்ஸ் இருவரும் வாதிட்டார்கள். நம் ஆய்வேடுகளில் அந்த எண் இன்னும் ராஜாவாகத்தான் இருக்கிறது.

இனி மாவட்டத்தின் உண்மையான கதைக்கு வருவோம். அதில் மாமரத்துக்குத்தான் பெரிய பாத்திரம். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கங்களில் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளைந்த மேட்டுக் கொல்லைகள் படிப்படியாக மாந்தோப்பாகின. காரணங்களை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். களையெடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மழை எப்போது பெய்யும் என்று தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா ரகத்தை வாங்கிக்கொள்கின்றன. மரத்தை வைத்துவிட்டால் சில ஆண்டுகளுக்குப் பிறகு அது தானே நிற்கும். வெளியூர் போனவர் காய்ப்புக்கு வந்தால் போதும். குத்தகைக்கு விட்டுவிட்டால் அதுவும் வேண்டாம்.

இந்த மாற்றத்தைச் செயற்கைக்கோள் நன்றாகவே பார்க்கிறது. கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறது. மா என்றும் பசுமையானது. காடு இலையுதிர்த்து நிற்கும் பங்குனி மாதத்துப் படத்தில் மாந்தோப்பு காட்டைவிடப் பச்சையாகத் தெரியும். (நிபுணர்கள் வழக்கமாகப் பார்க்கும் பொய்நிறப் படத்தில் செடி கொடியெல்லாம் சிவப்பு, அதனால் அவர்கள் கண்ணுக்குக் காட்டைவிடச் சிவப்பு.) பச்சையை எண்ணாக்கும் குறியீட்டை வைத்து ‘அடர்ந்த தாவரம்’ என்று கணினியிடம் வரம்பு கட்டச் சொன்னால், தொப்பூர்ச் சரிவின் காட்டைத் தள்ளிவிட்டுக் காரிமங்கலத்துத் தோப்பைக் காடு என்று பிடித்துக்கொண்டு வரும். இளந்தோப்பில் இதற்கு நேர்மாறான சிக்கல். பழைய முறையில் பத்து மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு நாற்பது கன்று. அதாவது சென்டினலின் ஒரு பிக்சலுக்கு ஒரு கன்று. சுற்றிலும் கடலையோ கொள்ளோ ஊடுபயிராக இருக்கும். மரம் காய்ப்புக்கு வரும்வரை அந்த நிலம் படத்தில் தரிசு அல்லது பயிர்; ஆனால் உடையவர் மனதில் முதல் நாளிலிருந்தே தோப்பு. எனவே தோப்பு உருவானதாகப் படம் சொல்லும் ஆண்டுக்கும், உழவர் முடிவெடுத்த ஆண்டுக்கும் நடுவே ஏழெட்டு ஆண்டு இடைவெளி வந்துவிடலாம். எந்த வறட்சிக்குப் பின், எந்த விலை வீழ்ச்சிக்குப் பின் அந்த முடிவு வந்தது என்று காரணம் தேடுகிறவர் இந்த இடைவெளியைக் கழிக்காவிட்டால் தவறான ஆண்டின் மழைக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் இந்திய வன அளவை நிறுவனத்தின் விளக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1981இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1987 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால் அது ‘வனப்போர்வை’. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வியே இல்லை. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இதற்குள் அடங்கிவிடும். ஆக, ஆள் கிடைக்காமல் ஒருவர் கேழ்வரகைக் கைவிட்டு மாவுக்கு மாறினால் தேசத்தின் வனப்போர்வை கூடுகிறது. அறிக்கையில் இது பொய்யல்ல. விளக்கத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் மாவட்ட அளவிலான எண்ணை எடுத்து ‘காடு வளர்ந்திருக்கிறது’ என்று மேடையில் பேசுபவர் விளக்கத்தைப் படித்திருக்க மாட்டார். காட்டைத் தனியாகவும் காட்டுக்கு வெளியே உள்ள மரங்களைத் தனியாகவும் காட்டாத எந்த எண்ணையும் தருமபுரிக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்வேன்.

பசுமை கூடுவது பற்றிய உலக அளவிலான ஆய்வும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. 2000 முதல் 2017 வரை பூமியின் இலைப்பரப்பு கூடியதில் சீனாவும் இந்தியாவும் முன்னிலை வகிக்கின்றன என்று 2019இல் ‘நேச்சர் சஸ்டெயினபிலிட்டி’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. இந்தியாவின் பங்கில் 82 விழுக்காடு பயிர்நிலத்திலிருந்து வந்தது. காட்டின் பங்கு மிகச் சிறிது. பயிர்நிலம் ஏன் பசுமையானது? நிலத்தடி நீர்ப்பாசனமும் அதற்கு ஒரு காரணம். தருமபுரியின் கடினப் பாறைக்குள் ஆழ்துளைக் கிணறுகள் எவ்வளவு கீழே போயிருக்கின்றன என்பதும், பாறை கொடுக்கும் ஃப்ளூரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் கடனுதவியோடு கட்ட வேண்டியிருந்தது என்பதும் மேலிருந்து பார்க்கும் பச்சையில் தெரியாது. பங்குனியில் பச்சையாக இருக்கும் ஒரு தக்காளித் தோட்டம் செழிப்பின் அடையாளமாக இருக்கலாம். அடுத்த ஐந்தாண்டில் வற்றப்போகும் கிணற்றின் அடையாளமாகவும் இருக்கலாம்.

காட்டுக்கு வருவோம். மாவட்டப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காடு. தமிழ்நாட்டின் சமவெளி மாவட்டக்காரர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். காவிரியை ஒட்டிய பகுதிகள் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் கிருஷ்ணகிரிக் காடுகளோடு சேர்த்து அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,190 சதுர கிலோமீட்டர். இந்த எல்லைகளுக்குள் பரப்பு மாறாமல் இருக்க, காட்டின் தன்மை மட்டும் மாறிக்கொண்டிருப்பதுதான் பெரிய மாற்றம். மர நிழலுக்கடியில் உண்ணிச்செடி பரவினால் மேலிருந்து பார்ப்பவருக்குக் காடு அடர்ந்ததுபோல் தெரியும். மாட்டுக்கும் மானுக்கும் புல் போய்விட்டது என்பது தெரியாது. வத்தல்மலையில் நிழல் மரங்களுக்கடியில் காப்பி வைத்திருக்கிறார்கள். அது படத்தில் காடு, பட்டாவில் தோட்டம். ஆச்சா மரமும் மூங்கிலும் உசிலும் கலந்த காட்டில் தனித்தனியாகச் சந்தன மரங்களை வெட்டிக் கொண்டுபோனால் 30 மீட்டர் பிக்சலில் ஒரு மாற்றமும் விழாது. தருமபுரிக் காடுகள் 1980களிலும் 90களிலும் இழந்ததில் முக்கியமானது சந்தனம். அந்த இழப்பை எந்த நிலப்போர்வை வரைபடத்திலும் காட்ட முடியாது.

இந்தச் சந்தனத்தைக் காரணம் காட்டித்தான் 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். 269 பேர் மீது வழக்கு நடந்து, 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த அத்தனை பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊர் சூறையாடப்பட்டது, மக்கள் மாதக்கணக்கில் சிறையிலும் காட்டிலும் கிடந்தார்கள். 1991இன் படத்தையும் 1993இன் படத்தையும் எடுத்து வகைப்படுத்தினால் இரண்டிலும் அந்த இடம் ‘குடியிருப்பு’, மாற்றமில்லை என்றே வரும். நிலத்தின் போர்வையைப் படிப்பதும் அதில் நடந்ததைப் படிப்பதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதற்கு இந்த மாவட்டத்தில் இதைவிடக் கடுமையான சான்று கிடையாது.

ஏரிகளின் கதை மழைக் கணக்கோடு பின்னியது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய 2015 நல்ல மழை ஆண்டு. இந்த இரண்டு ஆண்டுகளின் படங்களை மட்டும் பார்க்கிறவருக்குத் தருமபுரி ஏரிகள் ஓராண்டில் அழிந்துபோனதாகத் தோன்றும். 2005இன் வெள்ளத்துக்குப் பிந்தைய படத்தோடு 2017ஐ ஒப்பிட்டால் பன்னிரண்டாண்டு ஆக்கிரமிப்பின் கதை கிடைக்கும். இரண்டிலும் உண்மையாக நடந்தது மழை பெய்ததும் பெய்யாததும்தான். ஆக்கிரமிப்பு இல்லை என்று சொல்லவில்லை, தாராளமாக இருக்கிறது. ஆனால் அதை நீர்ப்பரப்பை வைத்து அளக்க முடியாது. கரையையும், வரத்துக் கால்வாயையும், உள்வாயில் எழும் வீட்டையும் வைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்குக் கூர்மையான படமும் பழைய தாளும் புலப்பட வரைபடமும் ஒன்றாக வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட உலக மேற்பரப்பு நீர் வரைபடம் இதற்கு ஒரு நல்ல வழி காட்டியது. 1984 முதல் 2015 வரையிலான லேண்ட்சாட் படங்கள் எல்லாவற்றையும் பார்த்து, ஒரு பிக்சலில் எத்தனை முறை தண்ணீர் இருந்தது என்று அது சொல்கிறது. ஓர் ஏரியைப் பற்றி ‘இருக்கிறது, இல்லை’ என்பதற்குப் பதிலாகப் ‘பத்தாண்டில் நான்கு ஆண்டு நிரம்பியது’ என்று சொல்வது தருமபுரிக்குப் பொருந்தும். ஒகேனக்கல்லின் உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டுவரக் கேட்கும் ஊர்க்காரர்களுக்கும் அதுவே தேவையான எண்.

நகரமும் சாலையும் ஆலையும் மேலிருந்து பார்க்க எளிதானவை. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வழியான சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை, பாலக்கோடு வழியாக ஓசூருக்குப் போகும் 844ஆம் எண் சாலை, நல்லம்பள்ளிப் பக்கம் வரும் சிப்காட், கிரானைட் குவாரிகளின் வெள்ளைப் பள்ளங்கள் எல்லாம் எந்த மாதத்துப் படத்திலும் தெளிவாகத் தெரியும். மாற்ற ஆய்வுகள் இவற்றில் அதிக நேரம் செலவிடுவதும் அதனால்தான் என்று தோன்றுகிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: கோடையில் உழுது போட்ட வெளிர்மண் கொல்லையும் கான்கிரீட்டும் லேண்ட்சாட் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே.

மேய்ச்சல் நிலத்துக்கு வந்தால் மன்றோ காலத்துப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்திருக்கும் நடுகற்களில் எத்தனையோ ஆநிரை கவர்ந்த, மீட்ட பூசல்களில் இறந்தவர்களுக்கு எடுத்தவை. தகடூர் என்ற பழைய பெயர் கொண்ட இந்தச் சீமையின் செல்வம் மாடாக இருந்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. அந்த மாடுகள் மேய்ந்த புல்வெளியும் புதரும் இன்றைய வரைபடத்தில் ‘தரிசு’ அல்லது ‘புதர்நிலம்’. தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்த கேள்வி அங்கே என்ன வைக்கலாம் என்பதுதான்: சூரிய மின்பலகையா, மரக்கன்றா, தொழிற்பேட்டையா? எம்.டி. மதுசூதனும் அபி தமிம் வனக்கும் இந்தியாவின் வறள்மண்டலத் திறந்தவெளி இயற்கை நிலங்களைச் செயற்கைக்கோள் கொண்டு வரைபடமாக்கி, அவை நாட்டின் பரப்பில் சுமார் பத்து விழுக்காடு என்று காட்டினார்கள். வகையின் பெயரை மாற்றியதே அந்த வேலையின் பெரிய பங்களிப்பு. தருமபுரியின் மேய்க்கால் புறம்போக்குகளை இந்தக் கண்ணோடு ஊர் ஊராகப் பார்த்தால் ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருள் கிடைக்கும்.

நாட்காட்டிச் சிக்கலுக்குத் தீர்வே இல்லையா என்றால், இப்போது இருக்கிறது. சென்டினல் 2 ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. மேகத்துக்கிடையே கிடைக்கும் இடைவெளிகளைக் கோத்தால் ஆடியிலிருந்து தை வரை ஒரு கொல்லையின் பச்சை எப்படி ஏறி இறங்கியது என்ற வளைகோடு கிடைக்கும். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை 2014 முதல் சென்டினல் 1 தருகிறது. அவற்றைக் கொண்டு கோவை வேளாண் பல்கலைக்கழகம் காவிரிப் படுகை நெல்லின் பரப்பை அளந்து பயிர்க் காப்பீட்டுக்குத் தந்திருக்கிறது. நெல் வயல் தண்ணீரில் நிற்பதால் ரேடாருக்குப் பிடிப்பு உண்டு. கேழ்வரகுக்கு அந்த வசதி இல்லை. அதோடு இங்கே ஒரு கொல்லையில் கேழ்வரகு மட்டுமா இருக்கும்? சால் விட்டுச் சால் அவரையும் துவரையும் ஆமணக்கும் போடுவது வழக்கம். உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோலில் தயாரான 10 மீட்டர் வரைபடங்களில் இப்படிப்பட்ட கொல்லை பயிர் என்றும் புதர் என்றும் ஆண்டுக்கு ஒரு வேஷம் போடும். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. அந்தக் கேழ்வரகை மாவட்டத்துக்குள்ளேயே வாங்க வேண்டுமென்றால் எங்கே எவ்வளவு விளைகிறது என்று தெரிய வேண்டும்.

அதைச் சொல்லும் பழைய கருவி அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் புல எண் வாரியாகப் பார்த்து எழுத வேண்டிய அந்தக் கணக்கு சில ஊர்களில் சாவடியில் உட்கார்ந்தபடியே போன ஆண்டைப் பார்த்து நிரப்பப்படுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். ஆனாலும் அதில் செயற்கைக்கோளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: பயிரின் பெயர். 2024இல் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்களைக் கைபேசியோடு வயலுக்கு அனுப்பியபோது எதிர்ப்பும் வந்தது, குறைகளும் வெளிப்பட்டன. ஆனால் புல எண்ணும் பயிர்ப் பெயரும் இடக்குறியீடும் தேதியும் ஒன்றாக அமைந்த தரைச் சான்று இப்படித்தான் கிடைக்கும். அதைப் பருவ வளைகோட்டோடு பொருத்தினால் கேழ்வரகையும் சாமையையும் பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வழி பிறக்கும். இன்று தரைச் சரிபார்ப்பு என்ற பெயரில் பலர் செய்வது, கூகுள் எர்த்தில் இன்னொரு படத்தைப் பார்ப்பது மட்டுமே.

இவை எல்லாவற்றையும்விடப் படத்தின் தேதியும் கூர்மையும் மனிதர்களை நேராகத் தொடும் இடம் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். குஜராத்தில் செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்து ஏராளமான மனுக்களைத் தள்ளினார்கள். அது போதிய சான்றல்ல என்று 2013இல் குஜராத் உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2012இல் திருத்திய விதிகளே செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாகாது என்று தெளிவாகச் சொல்கின்றன. சித்தேரி மலையில் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் சாமைக் கொல்லையை எண்ணிப் பாருங்கள். சரிவில் ஐம்பது சென்ட். நடுவே விட்டுவைத்த மரங்கள். ஓராண்டு விதைத்து மறு ஆண்டு ஆறப்போடும் வழக்கம். 2005 வாக்கிலான லிஸ் 3 படத்தில் அது நான்கு பிக்சல். படம் மாசியில் எடுத்ததென்றால் சுற்றியிருக்கும் இலையுதிர்ந்த காட்டுக்கும் அறுத்து முடித்த அந்தக் கொல்லைக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. ஆவணியில் எடுத்ததென்றால் இரண்டுமே பச்சை. சுற்றியிருப்பதிலிருந்து அது தனித்துத் தெரிவது பயிர் முற்றிப் பழுக்கும் சில வாரங்களில்தான், அதுவும் மேகம் விட்டால். கிராம சபை கூடி வன உரிமைக் குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கல் வரப்பும் பழைய மரமும் குலதெய்வக் கோயிலும் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாகும் என்று 12, 13ஆம் விதிகள் சொல்வது இதனால்தான் பொருள் பெறுகிறது. அந்தக் குழுவின் கையில் 2004, 2005ஆம் ஆண்டுகளின் எல்லா மாதங்களிலும் கிடைத்த படங்களைத் தேதியோடு அச்சிட்டுக் கொடுப்பது தொலையுணர்வு மையங்களுக்குப் பெரிய செலவில்லை. லேண்ட்சாட்டும் ரிசோர்ஸ்சாட்டும் அந்த ஆண்டுகளில் இந்த மலைக்கு மேலே போய்க்கொண்டுதான் இருந்தன.